வெட்டி வைத்த எட்டுத் துண்டுகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். நோட்டை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். போன வாரம் இந்தப் பத்தியில் கம்பெனி பஸ் கதைகளைச் சிரிக்கச் சிரிக்க எழுதிவிட்டேன். இந்த வாரம் அப்படி முடியாது. ஜெபம் பண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இரும்புலியூரில் எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. வரிசை வரிசையாக எழுந்து, முன்னால் போய் முழங்கால்படியிட்டு, அப்பமும் ரசமும் வாங்கிக்கொண்டு வருவோம். அன்றைக்கு எங்கள் பெஞ்சின் முறை வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை.

எழாதவன் முழங்காலைத் திருப்பி மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும். ஒவ்வொரு புடவையும் என் முட்டியில் உரசிக்கொண்டு போயிற்று. மல்லிகை வாசனை, பாச்சை உருண்டை வாசனை, யாருடைய பையிலோ இருந்த கற்பூரவல்லி மிட்டாய் வாசனை. கடைசியாகப் போனவள் என் மனைவி கிரேஸ். நின்று ஒரு பார்வை பார்த்தாள். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல இருந்தேன்.

வெளியே வந்ததும் கேட்டாள்.

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல."

"என்கிட்ட ஏதாவது சண்டையா?"

"உன்கிட்ட இல்ல."

"அப்ப யார்கிட்ட?"

யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய்ச் சரிசெய்துவிட்டு வா, அப்புறம் பந்திக்கு வா என்றுதான் சின்ன வயதிலிருந்தே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் யாருக்குத் தப்பு செய்தேனோ அவருக்கு, அதைச் செய்தது நான்தான் என்றே தெரியாது.

அறுப்பின் பண்டிகை மேஜை

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

அறுப்பின் பண்டிகை என்றால் எங்களுக்குத் திருவிழா. விளைச்சலில் காணிக்கையாக வந்த வாழைத்தாரையும் பூசணிக்காயையும் ஏலம் விடுவார்கள். ஒரு வருஷம் பிரியாணிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை. அதில் சி.டி. அடுக்கி வைத்துக்கொண்டு ஓர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பெயர் ஜான்சன். முடிச்சூரிலிருந்து வந்திருந்தார்.

"எங்க வீட்டம்மா எழுதிப் பாடினதுப்பா. எட்டுப் பாட்டு. எட்டும் சொந்தப் பாட்டு" என்றார். சொல்லும்போது ஏலச் சத்தத்தையும் மீறிக் குரல் ஓங்கியது. வீட்டம்மா பக்கத்திலேயே நின்றார். அவர்தான் ரூபி அக்கா. தையல் வேலை செய்கிறவர். புடவைத் தலைப்பில் ஊசி ஒன்று குத்தியபடியே இருந்தது. "போதும், சும்மா இருங்க" என்று அவரை அதட்டினார்.

ஒன்று வாங்கினேன். அந்த எட்டில் ஒரு பாட்டில் இப்படி வரும்:

ரயில் கடந்த பின்னும் அதிரும் தண்டவாளம் போல
நீர் கடந்த பின்னும் அதிரும் என் நெஞ்சம்.

தாம்பரத்தில் தண்டவாளத்தின் ஓரம் நின்று பழகியவர்கள்தான் இப்படி எழுத முடியும். அன்று முழுக்க அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

மனுஷன் பெயர் எதற்கு?

எனக்குப் படிப்பு பத்தாவதும் ஐ.டி.ஐ.யும்தான். மறைமலை நகரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டர் என்பது நானே தடவித் தடவிக் கற்றுக்கொண்டது.

அந்தக் காலத்தில் தாம்பரம் ஸ்டேஷன் மேற்குப் பக்கம் செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள். சினிமாப் பாட்டு ஆயிரம் இருக்கும். நம் பாட்டு கேட்டால், "பக்திப் பாட்டா, இருக்கும் சார், பாக்கறேன்" என்று இழுப்பார்கள். அப்போதுதான் தோன்றியது, சினிமாப் பாட்டு இப்படி ஊரெல்லாம் போகும்போது ஆண்டவர் பாட்டு ஏன் போகக் கூடாது?

இணையத்தில் இலவசமாக ஒரு பக்கம் ஆரம்பித்தேன். கேசட்டிலிருந்தும் சி.டி.யிலிருந்தும் பாட்டுகளை எடுத்து ஏற்றினேன். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு நயா பைசா வாங்கியதில்லை. குவைத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் நன்றி சொல்லி எழுதுவார்கள். அதைப் படிக்கும்போது ஏதோ ஊழியம் செய்கிறோம் என்று கண் கலங்கும்.

ரூபி அக்காவின் எட்டுப் பாட்டும் ஏறின. ஏற்றுவதற்கு முன்னால் நான் ஒரு வேலை செய்தேன்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஜான்சன் அண்ணன் பேசுவார். "இந்தப் பாடலை எழுதி, ராகம் அமைத்துப் பாடியவர் திருமதி ரூபி ஜான்சன்..." என்று ஆரம்பித்து, ஊர், தெரு, கதவிலக்கம் வரைக்கும் போய், ஒரு சின்ன ஜெபத்தோடு முடிப்பார். அரை நிமிஷத்துக்கு மேல் ஓடும்.

எனக்கு அது பெருமை பேசுவதாகப் பட்டது. பாட்டு ஆண்டவருக்கு. மனுஷன் பெயர் எதற்கு? எட்டுப் பாட்டிலும் அந்தப் பேச்சை வெட்டி எடுத்தேன். பைலில் பாடியவர் பெயர் என்ற இடத்தில் 'தேவனுக்கே மகிமை' என்று தட்டினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெட்டிய துண்டுகளை அழிக்க எனக்குக் கை வரவில்லை. கடைசியில் ஜெபம் இருக்கிறதே! ஜெபத்தைக் குப்பைத் தொட்டியில் போடுவதா? எட்டுத் துண்டையும் தனியாக ஒரு போல்டரில் போட்டு வைத்தேன். அப்புறம் மறந்துவிட்டேன்.

மைக் முன்னால் ஒரு சாட்சி

வருஷங்கள் ஓடின. என் பக்கத்தையும் கவனிப்பதை விட்டுவிட்டேன். இப்போது எல்லாம் வாட்ஸ்அப்தானே.

ஒரு ஞாயிறு எங்கள் சபையில் பெண்கள் கூடுகை. மைக்செட்டுக்குப் பொறுப்பு நான். பாட வந்தவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ரூபி அக்கா. தலை நரைத்திருந்தது. பாடுவதற்கு முன்னால் கொஞ்சம் பேசினார்.

"முடிச்சூர்ல தண்ணி வந்த வருஷம் எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு. என் சி.டி., நோட்டு, எல்லாம் போச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துல அவரும் போயிட்டாரு. என் பாட்டு என்கிட்டயே இல்லாம போச்சு. திடீர்னு ஒருநாள் துபாய்ல இருக்கிற என் தங்கச்சி வாட்ஸ்அப்ல ஒரு பாட்டு அனுப்புறா. கேட்டா, என் குரல்! அழுதுட்டேன். யார் பெத்த புள்ளையோ காப்பாத்தி வெச்சிருக்கான்னு."

நான் மிக்ஸரின் பொத்தான்களைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"அதை நானே என் போட்டோவோட வீடியோவா போட்டேன். மறுநாள் நோட்டீஸ் வருது. இது வேற ஒரு ஆடியோ கம்பெனிக்குச் சொந்தம், நீ எடுத்துப் போட்டது தப்புன்னு. வீடியோவையே நிறுத்திட்டாங்க. எங்க சபையில ஒரு சிஸ்டர் கேக்கறாங்க, 'அது பழைய பாட்டுதானேக்கா, உங்க பேரைப் போட்டுக்கிட்டீங்களா?'ன்னு. பாடகர் குழுவுல இப்ப என் பாட்டை எடுக்கறதில்ல. பைல்ல பேர் பாத்தா தேவனுக்கே மகிமைன்னு போட்டிருக்கு. ஆண்டவர்கிட்ட கேட்டா அவரே, 'நான் எழுதலம்மா'ன்னு சொல்லிடுவாரு."

சபை சிரித்தது. அவரும் சிரித்தார். பாட ஆரம்பித்தபோது குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. மைக் கோளாறு என்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்கு அடுத்து வந்த ஞாயிறுதான் நான் எழாத ஞாயிறு. அதற்கடுத்த மாதமும் எழவில்லை.

ஏழாவதா, எட்டாவதா?

எங்கள் எதிர்வீட்டில் அந்தோணி சார் இருக்கிறார். வக்கீல். கத்தோலிக்கர். ஒரு சாயங்காலம் போய் நின்றேன்.

"சார், சும்மா ஒரு சந்தேகம். என் ஃப்ரெண்டு ஒருத்தன்..."

"ஃப்ரெண்டு பேரு எட்வினா?"

என் பெயர்தான் அது. உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அப்புறம் எனக்குள் குடைந்துகொண்டிருந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

"நான் காசு எதுவும் வாங்கலையே சார்?"

"வாங்கினா பெரிய தப்பு, வாங்கலன்னா தப்பு. கேக்காம நெட்ல ஏத்தினியா இல்லியா?"

"ஏத்தினேன். ஆனா சபையில யார் பாட்டை வேணா பாடறோமே?"

"ஆராதனையில பாடறதுக்குச் சட்டத்துலயே இடம் இருக்கு. அது பாடறதுக்கு. பைலை உலகம் பூரா அனுப்பறதுக்கு இல்ல."

"என் சைக்கிளை ஒருத்தன் எடுத்தா சைக்கிள் என்கிட்ட இருக்காது. பாட்டைக் காப்பி பண்ணா அவங்க பாட்டு அவங்ககிட்டயே இருக்கு. அப்புறம் எப்படி சார் அது 'களவு செய்யாதே'ங்கற எட்டாவது கட்டளைல வரும்?"

"எங்க கத்தோலிக்கக் கணக்குல திருட்டு ஏழாவது" என்றார் சார்.

"ஏழோ எட்டோ, திருட்டா இல்லையா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ கேட்டியே சைக்கிள் கேள்வி, அதை வெச்சுத்தான் ஊரெல்லாம் பெரிய பெரிய ஆளுங்க வாதாடிக்கிட்டு இருக்காங்க."

"யார் ஜெயிச்சா?"

"இன்னும் பேசிட்டுதான் இருக்காங்க. ஆனா எட்வின், ஒண்ணுல குழப்பமே கிடையாது. பாட்டை வித்தாலும் சரி, சும்மா கொடுத்தாலும் சரி, இதை எழுதினது நான்னு சொல்லிக்கிற உரிமை எழுதினவங்களை விட்டுப் போகாது. நீ முதல்ல கை வெச்சது அங்கதான்."

நான் காப்பி எடுத்ததைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் வேறெங்கோ விரலை வைத்தார். எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. பெயரை எடுத்தது பக்தி இல்லையா?

சிவப்புத் தொட்டி

அதைப் புரியவைத்தது சட்டம் தெரிந்தவர் இல்லை. என் கூட வேலை செய்த குமரேசன்.

குமரேசன் மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்குப் பிரதோஷம் தவறாமல் போகிறவன். கம்பெனி பஸ்ஸில் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் பாட்டு தள்ளிவிடுவதில் கில்லாடி. அவன் கொடுத்த சினிமாப் பாட்டு இல்லாத போன் எங்கள் ஷிப்டில் கிடையாது. அவன் நம் பக்கம் பேசுவான் என்று நினைத்து டீ இடைவேளையில் சொன்னேன்.

"இன்னா மச்சான், இதுக்குப் போய்ப் பேஜார் ஆவுற? பாட்டுன்னா நாலு பேர் கேக்கத்தான். நீ தரலன்னா இன்னொருத்தன் தருவான்" என்றான்.

எனக்குக் கொஞ்சம் நிம்மதி. "பேரை மட்டும் எடுத்துட்டேன்டா" என்றேன்.

அவன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான்.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் அடுத்தது விளங்கும். லைனில் வரும் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, அதைச் செய்த ஆளின் நம்பரும் ஷிப்டும் அதன்மேல் அடித்திருக்கிறதா என்று சரிபார்ப்பது என் பொறுப்பு. நம்பர் இல்லாவிட்டால், பாகம் எவ்வளவு அருமையாக இருந்தாலும், சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். சிவப்புத் தொட்டி என்றால் கழிவு.

"டேய், நம்பர் இல்லாத பார்ட்ட நீ இன்னா பண்ணுவ?"

"செவப்புத் தொட்டில போடுவேன்."

"அளவு கரீக்டா இருந்தாலும்?"

"இருந்தாலும்."

"ஏன்?"

"யார் செஞ்சதுன்னு தெரியாதே. நாளைக்கு எவன் வேணா என்னுதுன்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினேன்.

"இருவது வருசமா இங்க நம்பரைத் தேடினுகீற. வூட்டுக்குப் போய் அந்தம்மா நம்பரை ராவி எடுத்துட்டு, மேல சாமி பேரை அடிச்சு வுட்டுட்ட. சாமி கேட்டாரா உன்ன?"

சங்கு ஊதியது. டீ ஆறிப்போய்விட்டது. அன்று ஷிப்ட் முழுக்க ஒவ்வொரு நம்பரையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.

முடிச்சூர் போன சனிக்கிழமை

கிரேஸிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "இதுக்குத்தான் ரெண்டு மாசமா செருப்பைச் சரிபண்ணிட்டு இருந்தீங்களா?" என்றாள். பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்தோம். வெட்டிய துண்டுகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு போல்டராகத் திறந்து பார்த்தேன். இருந்தன. எட்டும் இருந்தன. வெட்டிச் சேமித்த தேதிகூட அப்படியே இருந்தது. லேப்டாப்பில் மாற்றிக்கொண்டு அந்தச் சனிக்கிழமை இருவரும் முடிச்சூர் போனோம்.

ரூபி அக்கா ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. நான் நின்றபடியே சொன்னேன். உட்காரச் சொன்னார், சொல்லி முடித்தபிறகுதான் உட்கார்ந்தேன்.

அவர் கொக்கிக்கு முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தார்.

"நீதானா அந்த யார் பெத்த புள்ள?"

"ஆமாக்கா."

"நீ எடுத்து வெக்கலன்னா என் பாட்டு தண்ணியோட போயிருக்கும். நீ பேரை எடுக்கலன்னா எவனும் என்னுதுன்னு சொல்லியிருக்க மாட்டான். உன்னைக் கும்பிடறதா, அடிக்கறதா?"

"அடிங்கக்கா. அடிச்சுட்டு கும்பிடுங்க" என்றாள் கிரேஸ். அவள் எப்போதும் இப்படித்தான்.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். "வெட்டினதை அழிக்கலக்கா" என்று முதல் துண்டைப் போட்டேன்.

முதலில் தொண்டையைச் செருமும் சத்தம். அப்புறம் ஜான்சன் அண்ணன் குரல். "இந்தப் பாடலை எழுதி, ராகம் அமைத்துப் பாடியவர் திருமதி ரூபி ஜான்சன்..."

ஊசி அவர் கையிலேயே நின்றது. தையல் மெஷினின் சக்கரத்தை மறுகையால் பிடித்துக்கொண்டார். அண்ணன் ஊரைச் சொன்னார், தெருவைச் சொன்னார், கதவிலக்கத்தைச் சொன்னார். ஜெபம் முடிந்தது.

திடீரென்று ரூபி அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது, சிரிக்கிறார்.

"பதினேழுன்னு சொல்றாரு பாரு! நம்ம கதவிலக்கம் பதினெட்டு! அந்த மனுஷன் கடைசி வரைக்கும் பதினேழுன்னுதான் சொல்லுவாரு. வர்ற லெட்டர் எல்லாம் பக்கத்து வீட்டுக்குத்தான் போவும்."

எட்டையும் போடச் சொன்னார். எட்டிலும் பதினேழுதான். ஒவ்வொரு தடவையும் சிரித்தார். எட்டாவதுக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளம்பும்போது வாசலில் நிறுத்திச் சொன்னார். "பேரை வெட்டினதை மன்னிச்சுட்டேன்பா. ஆனா கேக்காம எடுத்தது சரின்னு நான் சொன்னதா வெளியில சொல்லாதே. கேட்டிருந்தா கொடுத்திருப்பேனா? சந்தோஷமா கொடுத்திருப்பேன். அதுக்காகக் கேக்காம இருக்கலாமா? வாசல் திறந்துதானே இருக்குன்னு உள்ள வந்து சோத்தைப் போட்டுத் தின்ற மாதிரி."

சைக்கிள் கேள்விக்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் இதுதான். இதுவே முடிவான பதிலா என்று இன்றைக்கும் தெரியாது. வெள்ளத்தில் பிழைத்த பாட்டை நினைத்தால் மனசு ஒரு பக்கம் போகிறது, அந்த வாசலை நினைத்தால் இன்னொரு பக்கம் போகிறது.

மறுபடியும் அந்த பெஞ்சு

எட்டுத் துண்டையும் எட்டுப் பாட்டோடு ஒட்டினேன். அந்தோணி சார் அந்த ஆடியோ கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். நான் செய்ததை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பல வாரம் இழுத்தடித்தபிறகு, அந்தக் கம்பெனி தன் உரிமைக் கோரிக்கையை விலக்கிக்கொண்டதாக அக்காவுக்குச் செய்தி வந்தது. அவர் வீடியோ திரும்ப வந்தது. 'உங்க பேரைப் போட்டுக்கிட்டீங்களா' என்று கேட்ட அந்தச் சிஸ்டர் அக்கா வீட்டுக்கே வந்து கேக் கொடுத்துவிட்டுப் போனாராம். மன்னிப்பு கேட்டாரா என்றேன். "கேக் கொடுத்தாளே, போதாதா?" என்றார் அக்கா.

ஆனால் நான் பெயரை வெட்டி அனுப்பிய பாட்டுகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. எத்தனை போனில், எந்தெந்த ஊரில் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். திருப்பிக் கூப்பிட முடியவில்லை.

முடிச்சூர் போய் வந்ததற்கு அடுத்த திருவிருந்துக்கு எங்கள் பெஞ்சின் முறை வந்தபோது நான்தான் முதலில் எழுந்தேன். திரும்பி வந்து மிக்ஸர் முன்னால் உட்கார்ந்தேன். மற்ற வரிசைகள் போய்வரும் வரைக்கும் மெதுவாக ஒரு பாட்டு ஓடவிடுவது எங்கள் வழக்கம். அன்றைக்கு எது என்பதை அக்காவிடம் போன் போட்டுக் கேட்டு வைத்திருந்தேன். பொத்தானை அழுத்தினேன். சபை முழுக்கத் தொண்டையைச் செருமும் சத்தம். அப்புறம் ஜான்சன் அண்ணன் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், தெருவைச் சொன்னார்.

முன்னால் இருந்த பெரியவர் திரும்பி, "பாட்டைப் போடுப்பா, என்னமோ அட்ரஸ் சொல்லிட்டிருக்காங்க" என்றார்.

"இதுவும் பாட்டுதான் ஐயா, கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

இந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்புகிறவர்கள் இருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள், நானே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நீளமாக இருக்கிறதே என்று மேலேயோ கீழேயோ வெட்டாதீர்கள். என்மேல் இரக்கப்பட்டு என் பெயரையும் எடுக்காதீர்கள். தப்பு செய்தவன் பெயரும் அதில் இருக்கட்டும். அந்த எட்டுப் பாட்டில் ஏதாவது உங்கள் போனில் பெயரில்லாமல் கிடந்தால், அதை எழுதியவர் ரூபி ஜான்சன், முடிச்சூர் என்று சேர்த்து அனுப்புங்கள்.

கதவிலக்கம் பதினெட்டு. பாட்டில் பதினேழு என்று வரும். அதைத் திருத்த வேண்டாம்.